1955 பெர்லின் ‘லூச்சியா’: கேட்டவர்கள் கேட்ட கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் எங்கள் வீட்டு மாடி அறையில் கூடிப் பழைய பதிவு ஏதாவது கேட்போம். பெரும்பாலும் கச்சேரிகள். எப்போதாவது நான் பிடிவாதமாக ஒரு ஆபராவை, அதாவது பாட்டாகவே நடக்கும் மேலைநாட்டு நாடகத்தை, போடுவேன், அதுவும் அநேகமாக இதையே: 1955 செப்டம்பர் 29 அன்று பெர்லின் மேடையில் பாடப்பட்ட, இத்தாலிய இசையமைப்பாளர் டொனிசெட்டியின் ‘லூச்சியா டி லாம்மர்மூர்’. லூச்சியாவாக மரியா காலஸ், வாத்தியக் குழுவையும் பாடகர்களையும் வழிநடத்தும் நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் காராயன். யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். வாயால் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

கதை என்ன? பாஷையே புரியலையே, எப்படிக் கேக்கறது?

ஸ்காட்லாந்தில் இரண்டு குடும்பங்களுக்குள் தீராப் பகை. லூச்சியா காதலிப்பது எதிரிக் குடும்பத்து எட்கார்டோவை. அண்ணன் என்ரிக்கோவின் செல்வாக்கு கரைந்துகொண்டிருக்கிறது. அர்த்தூரோ என்ற பெரிய இடத்துப் பிள்ளைக்குத் தங்கையைக் கட்டிவைத்தால்தான் அவனுக்கு விமோசனம். எட்கார்டோ வேறொருத்தியைத் தேடிக்கொண்டதாகப் பொய்க் கடிதம் காட்டி அவளைச் சம்மதிக்க வைக்கிறான். கல்யாண ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்துப் போட்ட மறுநிமிடம் எட்கார்டோ வந்து நிற்கிறான். அன்று இரவே மாப்பிள்ளையைக் குத்திக் கொன்றுவிட்டு, புத்தி பேதலித்து, விருந்தாளிகள் நடுவே இறங்கி வருகிறாள். அப்புறம் இறந்தும் போகிறாள். அது தெரிந்து எட்கார்டோ தன்னையே குத்திக்கொள்கிறான்.

மூலம், 1819இல் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் நாவல். சால்வதோரே காமரானோ பாடல் வரிகளை எழுத, டொனிசெட்டி இசையமைத்து, 1835 செப்டம்பர் 26இல் நேப்பிள்ஸ் சான் கார்லோ அரங்கில் முதலில் மேடையேறியது. பாஷையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தெலுங்கு தெரியாமலே தியாகராஜரைக் கேட்டு உருகுகிறவர்கள்தானே நாம். பைத்தியக் காட்சி ஒன்றுக்கு மட்டும் வரிகளின் அர்த்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வரும்.

பெல் காண்டோன்னா என்ன? எல்லா ஆபராவும் அதுதானா?

இல்லை. இத்தாலிய மொழியில் ‘அழகாகப் பாடுதல்’ என்று அர்த்தம். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ரோசினி, பெல்லினி, டொனிசெட்டி மூவரும் எழுதிய ஆபராக்களைச் சுட்டவே இப்போது அந்தப் பெயர் அதிகம் வழங்குகிறது. இவற்றில் வாத்தியக் குழு பெரும்பாலும் பின்னால் ஒதுங்கித் தாளமும் சுருதியும் கொடுத்துக்கொண்டிருக்கும். பாரம் முழுக்கக் குரல்மேல். நீண்ட மூச்சில் ஒரு வரியை இழுத்துச் செல்வது, இழைத்த மாதிரி வேகச் சங்கதிகளை உருட்டுவது, இரண்டும் ஒரே ஆளுக்கு வர வேண்டும்.

இன்னொரு விஷயம், இதைத் தெரிந்துகொண்டால் வழி தப்பாது. முக்கியமான பாத்திரம் பாட வந்தால் முதலில் மெதுவான பாட்டு. நடுவே யாராவது செய்தி கொண்டுவருவார்கள், அல்லது மனநிலை மாறும். அப்புறம் வேகமான பாட்டு. அதற்குக் ‘கபலெட்டா’ என்று பெயர். அதை இரண்டு தடவை பாடுவது வழக்கம், இரண்டாம் தடவையில் பாடகர் தன் கைச்சரக்கைச் சேர்ப்பார். பழைய மேடைகளில் நேரம் மிச்சம் பிடிக்க இரண்டாவது தடவையை வெட்டிவிடுவதும் உண்டு.

இத்தாலிக்காரங்க ஆபரா, அப்புறம் ஏன் பெர்லின்?

மிலானின் லா ஸ்காலா அரங்கில் 1954 ஜனவரியில் காராயன் இந்த ஆபராவைக் காலஸை வைத்து மேடையேற்றினார். இசையை நடத்தியதும் அவரே, மேடை இயக்கமும் அவரே. அது பெரிதாகப் பேசப்பட, அந்தத் தயாரிப்பே அடுத்த ஆண்டு பெர்லினுக்கும் 1956இல் வியன்னாவுக்கும் போனது. பாடகர்களும் கோரஸும் லா ஸ்காலாவிலிருந்து வந்தவர்கள். எட்கார்டோவாக ஜூசெப்பே டி ஸ்டெஃபானோ, என்ரிக்கோவாக ரோலாண்டோ பனேராய், பாதிரியார் ரைமோண்டோவாக நிக்கோலா சக்காரியா. வாத்தியக் குழு மட்டும் உள்ளூர்.

காராயன், பெர்லின் என்றதும் வாசித்தது பெர்லின் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழு என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தப்பு. வாசித்தது ரியாஸ் சிம்பனி. ரியாஸ் என்பது பெர்லினின் அமெரிக்கப் பகுதியில் 1946இல் தொடங்கிய வானொலி நிலையம். பெர்லின் சுவர் எழும்ப இன்னும் ஆறு ஆண்டு இருக்கிறது. ஆனாலும் ஊர் ஏற்கெனவே நாலு துண்டு. நகர ஆபராவின் சொந்தக் கட்டடம் போரில் குண்டு விழுந்து நாசமானதால் மேற்கு பெர்லினின் தியேட்டர் டெஸ் வெஸ்டென்ஸ் என்ற அரங்கில்தான் அப்போது ஆபரா நடந்தது. வானொலிக்காரர்கள் மைக் வைத்தார்கள். அதனால்தான் நமக்கு இது கிடைத்தது.

சத்தம் கரகரன்னு இருக்கு, நடுவுல இருமறாங்க. ஸ்டுடியோவில அவங்களே பாடின நல்ல பதிவு இல்லையா?

இருக்கிறது, ஒன்றுக்கு இரண்டு. 1953இல் ஃப்ளாரன்ஸில் ஒன்று, 1959இல் லண்டனில் ஒன்று, இரண்டுக்கும் நடத்துநர் துல்லியோ செராஃபின். ஒலி சுத்தமாக வேண்டுமென்றால் 1959 ஸ்டீரியோ. குரல் முழு வலுவோடு வேண்டுமென்றால் 1953. அதில் டி ஸ்டெஃபானோவும் உண்டு, என்ரிக்கோவாக டிட்டோ கோபியும் உண்டு. நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன்.

ஸ்டுடியோவில் பிசகினால் மறுபடி எடுக்கலாம். பைத்தியக் காட்சியைக் காலையில் புதுக் குரலோடு பாடிவிட்டு, முதல் அங்கத்தை நாலு நாள் கழித்துப் பாடலாம். மேடையில் அது நடக்காது. முதல் அங்கத்தில் எவ்வளவு செலவழித்தாரோ அது போக மீதியை வைத்துத்தான் மூன்றாம் அங்கம். பெர்லின் பதிவில் அந்தக் கணக்கு காதில் விழுகிறது. குரலை எங்கே சிக்கனம் பிடிக்கிறார், எங்கே வாரி இறைக்கிறார் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டால் பிடிபடும். இருமலைப் பற்றி: பத்து நிமிடத்தில் காது அதை ஒதுக்கிவிடும். ஒதுக்காவிட்டால், இருமல் எங்கே நின்றுபோகிறது என்று கவனியுங்கள். அதுவும் ஒரு விமர்சனம்தான்.

ஒலி ஒன்றும் அத்தனை மோசம் இல்லை. ஒற்றைத் தடம்தான், ஸ்டீரியோ கிடையாது. ஆனால் காந்த நாடாவில் ஒலிப்பதிவு செய்வதில் ஜெர்மானியர்கள் 1930களிலேயே கைதேர்ந்தவர்கள். அதே காலத்து மற்ற நேரடிப் பதிவுகளைக் கேட்டுவிட்டு இதற்கு வந்தால் கண்ணாடி துடைத்த மாதிரி இருக்கும்.

ரெண்டு மணி நேரம் உட்கார முடியாது. எதை மட்டும் கேக்கலாம்?

முதல் நாள் மூன்று துண்டு போதும். முதல் அங்கத்தில் ஹார்ப் தனியாக வாசித்து முடித்ததும் வரும் லூச்சியாவின் பாட்டு, ‘ரெஞ்ஞாவா நெல் சிலென்ஸியோ’. இரண்டாம் அங்கத்தின் ஆறு பேர் பாட்டு. மூன்றாம் அங்கத்தின் பைத்தியக் காட்சி. முதல் பாட்டை விடாதீர்கள். நீரூற்றின் ஓரம் காதலன் கையால் செத்த ஒருத்தியின் ஆவியைப் பார்த்ததாகவும், தண்ணீர் ரத்தமாகச் சிவந்ததாகவும் அதில் சொல்கிறாள். அந்த ஆவி திரும்பி வரப்போகிறது.

நடுவுல ஒரு பாட்டு அப்படியே ரெண்டு தடவை வருதே. என் பிரதியில கோளாறா?

இந்தப் பதிவைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கோளாறு இல்லை. அது ‘கி மி ஃப்ரேனா’ என்று தொடங்கும் ஆறு பேர் பாட்டு. லூச்சியா கையெழுத்துப் போட்டாயிற்று, எட்கார்டோ உள்ளே புகுந்துவிட்டான். அடுத்து வாள் உருவ வேண்டியதுதான் பாக்கி. அந்த இடத்தில் டொனிசெட்டி கடிகாரத்தை நிறுத்திவிடுகிறார். தந்தி வாத்தியங்களை விரலால் மெல்ல மீட்டுகிறார்கள். ‘இந்த நேரத்தில் என்னைத் தடுப்பது யார்’ என்று எட்கார்டோ தொடங்க, கூடவே என்ரிக்கோ தன் சொற்களோடு சேர்கிறான். அப்புறம் லூச்சியாவும் ரைமோண்டோவும், கடைசியில் மற்றவர்களும் கோரஸும். ஆளுக்கொரு எண்ணம், எல்லாருக்கும் ஒரே மெட்டுத் துணியில் பங்கு.

பெர்லினில் இது முடிந்ததும் எழுந்த கைதட்டல் அடங்கவே இல்லை. காராயன் மறுபடி முதலிலிருந்து எடுத்தார். நாடகம் என்று பார்த்தால் இது சுத்த அபத்தம். ஆத்திரத்தில் உறைந்து நின்றவன், ஜனங்கள் கேட்டார்கள் என்று திரும்பவும் ஆத்திரப்படுகிறான். என் நண்பர் ஒருவர் இந்த இடம் வந்தாலே இரண்டாவதைத் தள்ளிவிடச் சொல்வார். நான் தள்ள மாட்டேன். முதல் தடவை டி ஸ்டெஃபானோவின் குரலைப் பிடித்துக்கொண்டே போங்கள். இரண்டாம் தடவை காலஸை மட்டும் தொடருங்கள். அவர் உள்ளே வரும்வரை காத்திருந்து, அத்தனை குரல்களுக்கு நடுவிலும் அந்த ஒற்றை இழை எங்கே மேலே வருகிறது, எங்கே அமிழ்கிறது என்று பாருங்கள். ஒரே பாட்டை இரண்டு பேர் பக்கம் நின்று கேட்க வாய்ப்பு ஒரே இரவில் கிடைத்திருக்கிறது. அதை ஏன் விட வேண்டும்?

பைத்தியம் பிடிச்சவ எப்படி இவ்வளவு ஒழுங்கா பாடுவா?

பக்கத்து வீட்டு மாமி கேட்டது. காட்சி முடியுமுன் அவரே இன்னொன்றும் சொன்னார்: “இவ கத்தவே இல்லையே!” இரண்டையும் சேர்த்தால் பாதி பதில் வந்துவிடுகிறது.

நன்றாகக் கவனித்தால் முதல் சில நிமிடங்கள் பாட்டே கிடையாது. கல்லறையிலிருந்து எழுந்து வந்தவள் போலிருக்கிறாள் என்று சுற்றி நிற்பவர்கள் சொல்லி முடிக்க, புல்லாங்குழல் ஒரு மெட்டை எடுக்கிறது. அவள் அதன்மேல் பேசுகிறாள். ‘இல் டோல்ச்சே சுவோனோ’: அவன் குரலின் இனிய ஒலி என்னைத் தொட்டது. யாருக்கும் கேட்காத ஒரு குரலுக்குக் காது கொடுக்கிறவள் எப்படிப் பேசுவாள்? காலஸ் அதை மேடையின் ஓரத்துக்கு வந்து அறிவிக்கவில்லை, தனக்குள் சொல்லிக்கொள்கிறார். பிறகு உடம்பு சில்லிடுகிறது, கால் தடுமாறுகிறது, ‘நீரூற்றருகே என்னோடு உட்கார்’ என்று இல்லாத எட்கார்டோவை அழைக்கிறாள். முதல் அங்கத்தில் இருவரும் சேர்ந்து பாடிய மெட்டை வாத்தியங்கள் நினைவுபடுத்துகின்றன. ஒரு கணம் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். சட்டென்று ‘ஃபான்தாஸ்மா’: அந்தப் பயங்கர ஆவி எழுந்து நம்மைப் பிரிக்கிறதே! இங்கே குரல் நெஞ்சுக்கு இறங்கிக் கறுத்துவிடும். முதல் பாட்டில் கதையாகச் சொன்ன ஆவிதான் இது.

அடுத்த மூச்சில் சாம்பிராணிப் புகை, எரியும் விளக்குகள், கல்யாணம். ‘அல்ஃபின் சொன் துவா’, கடைசியில் நான் உன்னுடையவள் ஆனேன் என்று எட்கார்டோவைப் பார்த்துப் பாடுகிறாள். மாடியில் வேறொருவன் பிணமாகக் கிடக்கிறான். மெட்டு குழந்தைத் தாலாட்டு போல அவ்வளவு நிதானம். கேள்வி எழுவது இங்கேதான்: ஏன் இவ்வளவு ஒழுங்கு? அவளைப் பொறுத்தவரை எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அதனால்தான். அலறியிருந்தால் நமக்கு இவ்வளவு வயிற்றைப் பிசையாது. சொற்களின் அர்த்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

புல்லாங்குழலோட மாத்தி மாத்திப் பாடற இடம் டொனிசெட்டி எழுதினதே இல்லையாமே?

ஆமாம். அந்தக் குரல்–புல்லாங்குழல் சவால் பகுதி அவர் இறந்து பல காலம் கழித்து, 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் ஒட்டிக்கொண்டது. காட்சியின் முடிவில் எல்லாரும் காத்திருக்கும் அந்த உச்ச ஸ்வரமும் அவர் தாளில் கிடையாது. மேடை வழக்கம் சேர்த்தது. நாம் கேட்கும் சுருதிகூட அவர் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே.

புல்லாங்குழலே இரண்டாவது யோசனைதான். டொனிசெட்டி முதலில் எழுதியது கண்ணாடிக் கிண்ணங்களை ஈரவிரலால் தடவி வாசிக்கும் வாத்தியத்துக்கு. வாசிப்பவருக்கும் அரங்கத்துக்கும் தகராறு வர, அடித்துவிட்டுப் புல்லாங்குழலுக்கு மாற்றினார். இப்போது சில அரங்குகளில் கண்ணாடி வாத்தியமே திரும்ப வந்திருக்கிறது. கேட்டால் முதுகுத்தண்டு சிலிர்க்கும். ஆனாலும் பெர்லினில் புல்லாங்குழல் இருந்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அதுதான்.

இது நம்ம பிருகா மாதிரிதானே? அங்கேயே கற்பனையில பாடறாங்களா?

வேகத்தில் பிருகாதான், ஜாதியில் வேறு. நம் சங்கதியில் ஒரு ஸ்வரம் அடுத்ததற்குள் வழுக்கிக் குழையும். இங்கே ஒவ்வொரு ஸ்வரமும் கோத்த மணி மாதிரி தனித்தனியாக நிற்க வேண்டும், ஆனால் நூல் அறக் கூடாது. கற்பனை என்று பார்த்தால், டொனிசெட்டி காலத்துப் பாடகிகள் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். 1955க்குள் அது வீட்டிலேயே தயாராகி, மேடைக்கு வருமுன் முடிவாகிவிடும் விஷயம். ஆகவே கல்பனாஸ்வரம் எதிர்பார்த்து உட்காராதீர்கள். நன்றாகப் பாடம் பண்ணிய கீர்த்தனையை ஒருவர் அன்றைக்கு எப்படிச் சொல்கிறார் என்று கேட்பீர்களே, அந்தக் காது போதும்.

சொன்னா கோவிச்சுக்காதீங்க. காலஸ் குரல் அழகாவே இல்லையே?

கோபமில்லை. உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. கீழ் ஸ்தாயி ஒரு நிறம், நடு ஒரு நிறம், மேலே போனால் ஒரு கூர்மை. உச்சியில் நீட்டும்போது சில நேரம் ஆடும், அந்த ஆட்டம் பிந்திய ஆண்டுகளில் அதிகமானது. அழகு மட்டும் வேண்டுமென்றால் 1959இல் லண்டன் காவென்ட் கார்டனில் லூச்சியா பாடி உலகப் புகழ் பெற்ற ஜோன் சதர்லேண்ட் இருக்கிறார். அருவி மாதிரிக் கொட்டும், ஒரு துளி சிந்தாது. ஆனால் அவர் பாட்டில் சொற்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

காலஸுக்கு முன்னால் லூச்சியா என்றால் மெல்லிய, குருவி மாதிரிக் குரல்களின் சொத்து. வேகச் சங்கதிகளை உதிர்த்துவிட்டுக் கைதட்டு வாங்கிப் போவார்கள். காலஸ் கனமான, இருண்ட குரல்காரர். 1949 ஜனவரியில் வெனிஸில் கனத்த குரல் கேட்கும் வாக்னரின் பிரூன்ஹில்டா பாத்திரத்தைப் பாடிக்கொண்டிருந்தவர், சில நாளிலேயே வேகச் சங்கதிகள் கேட்கும் பெல்லினியின் எல்விரா பாத்திரத்தையும் பாடினார். நம் ஊரில் ஒரே வாரத்தில் தவிலும் வாசித்து வீணையும் வாசித்த கதை. அந்தக் கனமான குரல் லூச்சியாவின் வேகச் சங்கதிகளுக்குள் புகுந்ததால்தான் அவை அலங்காரமாக இல்லாமல் அவளுக்கு நேர்கிற விஷயமாகக் கேட்கின்றன. இரண்டு மூன்று தடவை கேட்டும் பிடிக்கவில்லையா, சரி, விட்டுவிடுங்கள். கட்டாயம் ஒன்றும் இல்லை.

என்கிட்ட இருக்கறதும் உங்க பிரதியும் ஒரே சுருதியில இல்லை. எது சரி?

பல ஆண்டுகள் இது திருட்டு இசைத்தட்டுகளாகத்தான் கைமாறியது. 1990களின் தொடக்கத்தில்தான் இஎம்ஐ நிறுவனம் முறைப்படி வெளியிட்டது. (மாதத் தவணை இஎம்ஐ இல்லை, இசைத்தட்டு நிறுவனம்.) நாடாவிலிருந்து நாடாவுக்கு மாற்றும்போது வேகம் ஆறு சதவீதம் பிசகினால் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும் அல்லது இறங்கிவிடும். ஏறினால் காலஸ் கீச்சென்று ஒலிப்பார், இறங்கினால் தூங்கி வழிவார்.

சோதிக்க நம்மிடம் நல்ல கருவி இருக்கிறது. கைபேசிச் சுருதிப் பெட்டியை 2½ கட்டையில் வையுங்கள். பைத்தியக் காட்சி முடியும்போது வாத்தியங்கள் வந்து நிற்கும் கடைசிச் சுரக்கூட்டு அந்த ஸட்ஜத்தில் உட்கார வேண்டும். மயிரிழை மேலே கீழே இருந்தால் பரவாயில்லை, அங்கத்திய வாத்தியச் சுருதியே அப்படி. 2 கட்டைக்கோ 3 கட்டைக்கோ போய்விட்டால் உங்கள் பிரதி ஓட்டம் தப்பு. நானே ஒரு வருடம் ஏறிப்போன பிரதியைக் கேட்டுக்கொண்டு, காலஸ் அன்றைக்கு ஏன் இவ்வளவு பதற்றமாகப் பாடுகிறார் என்று வியாக்கியானம் செய்துகொண்டிருந்தேன்.

நிறைய வெட்டியிருக்காங்களாமே? அப்போ இது முழு ஆபரா இல்லையா?

இல்லை. என்ரிக்கோவும் எட்கார்டோவும் புயலிரவில் சவால் விடும் காட்சி, ரைமோண்டோ லூச்சியாவைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைக்கும் காட்சி, இரண்டும் இங்கே இல்லை. அந்தக் காலத்தில் எல்லா அரங்கிலும் இப்படித்தான் வெட்டினார்கள். முழுதாக வேண்டுமென்றால் 1971இல் சதர்லேண்ட், பவரோட்டியோடு ரிச்சர்ட் பானிங் நடத்திய ஸ்டுடியோ பதிவு. ரைமோண்டோ காட்சி போனது எனக்கு வருத்தம்தான். அது இருந்தால் அவள் எத்தனை பேரால் மடக்கப்பட்டாள் என்பது இன்னும் தெளிவாக விளங்கும்.

அவ கதை முடிஞ்சாச்சே. அப்புறமும் ஓடுதே, அணைச்சிடலாமா?

நிறையப் பேர் பைத்தியக் காட்சிக்கான கைதட்டலோடு எழுந்து காபி போடப் போய்விடுகிறார்கள். ஐந்து நிமிடம் போய்விட்டு வாருங்கள், ஆனால் வாருங்கள். கல்லறைத் தோட்டத்தில் எட்கார்டோ தனியாக நிற்கிறான். அவளுக்கு என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தெரியாது. தன்னை மறந்து கல்யாண விருந்தில் சிரித்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறான். துக்க ஊர்வலம் வருகிறது, மரண மணி அடிக்கிறது. டி ஸ்டெஃபானோவுக்கென்றே செய்த மாதிரியான இடம். கொஞ்சம் மிகையாகத்தான் விம்முவார், அவர் சுபாவம் அது.

‘து கே அ டியோ’ என்று வானத்துக்குப் போனவளைப் பார்த்து ஒரு பாட்டு. முதல் அடி முழுதும் அவனே பாடுகிறான். பிறகு கத்தியை எடுத்துக் குத்திக்கொள்கிறான். இரண்டாம் அடியில் அதே மெட்டு வருகிறது, ஆனால் அவனிடம் மூச்சு இல்லை. செல்லோ அதை எடுத்துக்கொள்கிறது. அது வாசித்துக்கொண்டே போக, அவன் நடுநடுவே இரண்டு சொல், மூன்று சொல் என்று சேர்க்கிறான். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், பழைய நாடாவில் அந்தச் செல்லோ மெல்லியதாகத்தான் விழுந்திருக்கிறது.